பாதிநிலா வால்

ஜூலை 26, வெள்ளி

மழை விட்டபாடில்லை. ஆர்க்கிட் தோட்டத்துக்காரர் மறுபடியும் அதே தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். திறந்தால் உள்ளே தவளை. போன மாதமும் தவளைதான். வலை கட்டுங்கள் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்.

காலையில் சாமி வந்தார். ‘சாமி’ என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. வரித் நான் பெற்ற பிள்ளை. போன வாரம் வரை “டேய் எருமை, எழுந்திருடா” என்று காலால் எழுப்பினவன் நான். இப்போது தலையையும் புருவத்தையும் மழித்து, காவி உடுத்தி, மழைக்கால நோன்பு முடியும்வரை விகாரையில் இருக்கிறான். இருக்கிறார். விடிந்ததும் மற்ற பிக்குகளோடு வரிசையாக வெறுங்காலில் எங்கள் தெருவுக்கு வருகிறார். நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டு, பாத்திரத்தில் சோறு போட்டு, மண்டியிட்டு வாழ்த்து வாங்கிக்கொள்கிறோம். மகன் துறவு பூண்டால் பெற்றவர்கள் அவன் காவித் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே சொர்க்கம் போய்விடலாம் என்பது இங்கே நம்பிக்கை. “உங்களுக்கு வேற வழியே கிடையாது, கெட்டியா பிடிச்சுக்குங்க” என்கிறாள் சம்லி. என் மனைவிக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அவனுடைய சண்டை மீன்களுக்குத் தீனி போட்டேன். சமையலறைக்குப் பின்னால் அலமாரி நிறைய ஜாடிகள். ஜாடிக்கு ஒரு மீன், இரண்டு ஜாடிகளுக்கு நடுவில் ஓர் அட்டை. அட்டை இல்லாவிட்டால் ஒன்றையொன்று பார்த்துச் சீறிச் சீறியே ஓய்ந்துபோகும். மேல்தட்டில் ஃபா. ஃபா என்றால் வானம், நிறமும் அதுதான். வாலை விரித்தால் பாதி நிலா. பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்து, பல தலைமுறை கழித்து வரித் எடுத்த வால் அது. டிசம்பரில் போட்டிக்குக் கொண்டுபோகப் போகிறான்.

துறவுக்குப் போன அன்று பூத்தட்டு வைத்து என் காலில் விழுந்து, இதுவரை செய்த தவறுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டான். அது சடங்கு, எல்லாப் பிள்ளைகளும் கேட்பதுதான். எழுந்ததும் காதோடு சொன்னது மட்டும் சடங்கு இல்லை. “அப்பா, ஃபாவ மட்டும் யார்கிட்டயும் காட்டாதீங்க.”

ஜூலை 30, செவ்வாய்

தீனி போட்டேன். தண்ணீர் மாற்றினேன். சம்லி தன் பணியாரக் கடைக்குத் தேங்காய் துருவச் சொன்னாள், துருவினேன். நல்ல பிள்ளையாக இருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஃபாவின் வாலில் கிழிசல். ஜாடிக்குள் கிடந்த கூழாங்கல் குத்தியிருக்க வேண்டும். சம்லியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜாடியில் கூழாங்கல்லே கிடையாது. எனக்கு நானே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

நேற்று புன்மா அண்ணன் காப்பிக் கடைக்குப் பின்னால் நாலைந்து பேர் மீன்களோடு உட்கார்ந்திருந்தார்கள். மழைக்கு யாருக்கும் வேலை இல்லை. என்னைப் பார்த்ததும் புன்மா அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

“வாப்பா உதோம். மகன் மொட்டை போட்டுட்டான், நீ எப்ப போடப் போற?”

“எனக்குக் கொட்டி முடிஞ்சாச்சுண்ணே, தனியா வேற போடணுமா?”

“அது சரி. உன் பிள்ளை வளக்கறது மீனா, பாவாடையா? அம்மாம் பெரிய வால வெச்சுக்கிட்டு அது எங்க திரும்பறது, எங்க கடிக்கறது? டான்ஸ் ஆடத்தான் லாயக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் காப்பியைக் குடித்திருக்க வேண்டும். என் பிள்ளையைச் சொல்லிவிட்டார்களே என்று சுருக்கென்றது. பிள்ளையைச் சொன்னதாலா, என்னைச் சொன்னதாலா, தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஃபாவின் ஜாடியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். சீறுவதை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் வழி நெடுக நினைத்தேன். அப்புறம் புன்மா அண்ணனின் குட்டைவால் மீன் இருந்த போத்தலுக்குள் என் கையாலேயே ஊற்றினேன்.

எடுத்தபோது வாலில் பெரும்பகுதி இல்லை. மிச்சம் இருந்தது கரப்பான் அரித்த துணி மாதிரி தொங்கியது.

நடந்தது இவ்வளவுதான் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். இதற்குமேல் எழுத மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

சாமி வந்த நேரத்தில் மோட்டார் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டேன். வாழ்த்துப் பாடுகிற குரல் தகரச் சுவர் வழியாகக் கேட்டது. எனக்குப் புண்ணியம் சேர்க்கப் பிள்ளை வெறுங்காலில் சேற்றில் நிற்கிறான். நான் தகரத்துக்குப் பின்னால்.

“எங்க போய்த் தொலைஞ்சீங்க? சாமி நின்னு பாத்துட்டுப் போறாரு” என்றாள் சம்லி.

வயிற்றுப்போக்கு என்றேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

வைத்தியம் எனக்குத் தெரியாதது இல்லை. வரித் செய்வதைப் பார்த்திருக்கிறேன். காய்ந்து தானாக விழுந்த வாதாம் இலையைக் கழுவி ஊறப்போட்டால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். புண் ஆற அதைவிட நல்லது இல்லை. கொஞ்சம் கல்லுப்பு. தினமும் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர். அப்புறம் இருட்டும் அமைதியும்; மீன் எதையும் பார்த்துச் சீறக் கூடாது.

உப்பு கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். சீக்கிரம் ஆறட்டும். நோன்பு முடிவதற்குள் வால் வளர்ந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. சண்டை மீனுக்கு வால் வளரும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. எதற்கு இவ்வளவு பயப்படுகிறேன்?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சம்லி ஜாடிக்குள்ளேயே கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். “பாவம், கல்லு இப்படியா கிழிக்கும்? நாளைக்கு சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக் கேக்கறேன்.”

“அவரு தியானத்துல இருக்காரு. மீன் கதையெல்லாம் சொல்லிக் கெடுக்காத” என்றேன். எவ்வளவு பக்தி எனக்கு.

ஜாடியை வரித்தின் அறைக்குக் கொண்டுபோய், அவனுடைய துணி பீரோவுக்குள் வைத்துவிட்டேன். இருட்டு, அமைதி எல்லாம் இருக்கிறது. முக்கியமாக, சம்லி கண்ணில் படாது. மூச்சு முட்டுமோ என்று கதவைக் கொஞ்சம் திறந்து விட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வால் ஓரத்தில் கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாக ஏதோ தெரிகிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். வளர்கிறது. வளர்கிறது! கொட்டகையில் பாட்டே பாடினேன். தோட்டத்துக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆகஸ்ட் 17, சனி

இன்றும் கொட்டகையில்தான் நின்றேன்.

ஆகஸ்ட் 21, புதன்

நான் மடையன். மடையனுக்கு மடையன்.

தீனி போடப் பீரோவைத் திறந்தேன். ஃபா செவுளை விரித்து, உடம்பெல்லாம் நடுங்க, ஜாடிச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. எதைப் பார்த்து என்று திரும்பினால் — பீரோ கதவின் உள்பக்கம் கண்ணாடி. வரித் தலை சீவுகிற கண்ணாடி. இடுக்கு வழியாக வெளிச்சம் விழுகிற நேரமெல்லாம் இந்த மீன் எதிரே நிற்கிற இன்னொரு மீனோடு சண்டை போட்டிருக்கிறது. இத்தனை நாளும். புதிதாக வந்த ஓரம் எல்லாம் போச்சு. வால் அடியில் ரத்தச் சிவப்பு, அதன்மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது.

அட்டை வைத்து மீன் வளர்க்கிற ஊரில் பிறந்தவன். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும், மீனைக் கண்ணாடி முன்னால் வைக்கக் கூடாது என்று. ஒரு முறை சண்டைக்கு விட்டதாவது வெறி. இது என்ன? ஒளித்து வைக்கப் போய் ஒவ்வொரு நாளும் அடிபட விட்டிருக்கேன். என் மானத்தைக் காப்பாத்த.

ஆகஸ்ட் 22, வியாழன்

சாப்பிடவில்லை. அடியில் சாய்ந்து கிடக்கிறது. மூச்சு வாங்க மேலே வருவதற்கே சிரமப்படுகிறது. முற்றத்துக் காவல் தேவதைக்கு ஊர் வழக்கப்படி சிவப்பு சோடா படைத்து வேண்டிக்கொண்டேன். நான் வேண்டிக்கொண்டது மீனுக்காகவா எனக்காகவா என்று தேவதை கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

புன்மா அண்ணன் வந்தார். அவருக்கும் உறுத்தல் போலிருக்கிறது.

“சந்தையில அச்சு அசல் அதே நீலத்துல ஒண்ணு வந்திருக்கு. வாங்கி வெச்சிரு. உன் மகன் வரும்போது எல்லா நீலமும் ஒரே நீலம்தான்.”

போனேன். போகாமல் இருந்தேன் என்று எழுத ஆசைதான். அந்தக் கடை முன்னால் நின்றேன். மீன் நன்றாகத்தான் இருந்தது. கடைக்காரப் பெண் பையில் தண்ணீர் பிடித்துவிட்டு, “யாருக்குண்ணே?” என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். “மகனுக்கு” என்று சொல்ல வாய் வரவில்லை. வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

இன்று செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவில் நின்றேன். சோற்றுக் கிண்ணம் என் கையில். சம்லி ஆச்சரியமாகப் பார்த்தாள். தூறல். வரிசையின் கடைசியில் சாமி. பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். சோற்றைப் போட்டேன். மண்டியிட்டதும், அவர் வாழ்த்தை ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

“சாமி, ஃபாவ நான் சண்டைக்கு விட்டேன். வால் போயிடுச்சு. அதை மறைக்க உங்க பீரோவுல வெச்சேன், கண்ணாடிய பாத்துப் பாத்து மறுபடியும் கிழிச்சுக்கிச்சு. பொழைக்குமான்னு தெரியல.”

தலையைத் தூக்கவில்லை. அவர் கால் மட்டும் தெரிந்தது, விரல் இடுக்கில் சேறு. பாத்திரத்தின் மூடி மூடுகிற சத்தம். அப்புறம் வாழ்த்துப் பாடினார். ஒரு சொல் விடவில்லை, குரலும் மாறவில்லை. முடித்துவிட்டுப் போய்விட்டார்.

சம்லி கரண்டியோடு நின்றாள். “அவன் யாருக்காக மொட்டை போட்டான்?” என்றாள். சாமி என்று சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள். பணியாரம் ஒரு ஈடு முழுக்கக் கருகிப்போனது. அதையே எனக்குத் தட்டில் வைத்தாள். சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சாமி எங்கள் தெருவுக்கு வரவில்லை. வரிசையில் அவர் இடத்தில் வயதான பிக்கு ஒருவர்.

ஆகஸ்ட் 26, திங்கள்

வரவில்லை. ஜாடியைக் கொட்டகையில் என் வேலை மேசைமேல் வைத்திருக்கிறேன். மூன்று பக்கமும் அட்டை. ஃபா ஒரே ஒரு கொசுப்புழு தின்றது.

ஆகஸ்ட் 29, வியாழன்

வரவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கத் தெருவுக்குப் போகிறாராம். பழக்கடைக்காரி சொன்னாள், “உங்க சாமி முகம் என்ன ஒரு களை” என்று. கேட்டுக்கொண்டேன். எனக்குத்தான் அந்தக் களையைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

அமாவாசை நோன்பு நாள். சம்லி என்னை விகாரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மண்டபத்தில் கடைசித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது சாமியே கூப்பிட்டார். கும்பிட்டேன். பிக்கு திருப்பிக் கும்பிடக் கூடாது, கும்பிடவில்லை. அது முறைதான் என்று தெரிந்தும் வலித்தது.

“தண்ணியில உப்பு போட்டீங்களா?”

“போட்டேன் சாமி. கொஞ்சம் கூடவே.”

“நிறுத்திடுங்க. புதுசா வர்ற தோலுக்கு உப்பு ஆகாது. வாதாம் இலை மட்டும் போதும். தண்ணிய ஆழமா வெக்காதீங்க, மேல வந்து மூச்சு விட அதுக்குத் தெம்பு இருக்காது.”

சரி என்றேன். கிளம்பப் பார்த்தவனை மறுபடியும் நிறுத்தினார்.

“பெரிய சாமி என்னை வேற தெருவுக்கு மாத்தல. நான்தான் கேட்டு மாத்திக்கிட்டேன். கோவத்தோட ஒருத்தர் கையால சோறு வாங்கக் கூடாது. அது போனதும் வர்றேன்.”

மெதுவாகத்தான் சொன்னார், நான் தாங்கமாட்டேன் என்பதுபோல. திட்டியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன். வீட்டுக்கு வரும் வழியில் சம்லி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 5, வியாழன்

உப்பை நிறுத்தியதும் அந்த வெள்ளைப் படலம் உதிர்கிறது. நான் அவசரப்பட்டுப் போட்ட உப்பும் சேர்ந்துதான் வதைத்திருக்கிறது. அன்பு காட்டினால்கூட அளவு தெரியாத மனிதன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

எழுந்து நீந்துகிறது. தீனியை மேலே வந்து கவ்வுகிறது. தினமும் சோறு வைத்துக்கொண்டு தெருவில் நிற்கிறேன். வயதான பிக்குவுக்குப் போடுகிறேன். அவர் பின்னால் யாரும் இல்லை.

செப்டம்பர் 14, சனி

புன்மா அண்ணன் கடைப் பக்கம் போகவில்லை. போகாததற்கு அவர் காரணம் இல்லை. அவர் வாயால் சொன்னார், கையால் செய்தது நான்.

செப்டம்பர் 19, வியாழன்

இன்று சாமி எங்கள் தெருவுக்கு வந்தார். சோறு போட்டேன். கொஞ்சம் கீழே சிந்திவிட்டது.

அக்டோபர் 6, ஞாயிறு

வால் முக்கால்வாசி வந்துவிட்டது. ஆனால் பழைய வால் இல்லை. வெட்டுப்பட்ட இடம் வரை நீலம், அதற்கப்புறம் நிறமே இல்லாமல் கண்ணாடி. ஓரம் நெளிநெளியாக இருக்கிறது. மீன் தெரிந்தவன் எவனும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான். இனி எந்தப் போட்டிக்கும் ஆகாது. டிசம்பரும் இல்லை, அதற்கடுத்த டிசம்பரும் இல்லை.

அன்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். ஃபா தோற்கவில்லை. அந்த நீளப் பாவாடையோடு சுழன்று சுழன்று போய்க் குட்டைவாலின் செவுளைக் கவ்வியது. மற்றது திரும்பி ஓடியது. வால் அதற்குள்ளாகவே போய்க்கொண்டிருந்தது, பார்த்தேன். புன்மா அண்ணனே “போதும்ப்பா, எடுத்துரு” என்றார். நான்தான் “இருங்கண்ணே, இருங்க” என்றேன். கையைத் தட்டினேன். எத்தனையோ வருஷமாக நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. தகரத்துக்குப் பின்னால் போய் நின்றது கிழிந்த வாலுக்காக இல்லை, இந்தச் சந்தோஷத்துக்காகத்தான்.

அக்டோபர் 17, வியாழன்

நோன்பு முடிந்தது. விகாரையில் நல்ல கூட்டம். சம்லி செய்த பணியாரம் முதல் பந்தியிலேயே தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 21, திங்கள்

வரித் காவியைக் களைந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, அவ்வளவு இளைப்பு. வாசலில் நின்று முதல் வேலையாக என்னைக் கும்பிட்டான். அதற்குள் நானும் பழக்கதோஷத்தில் அவனைக் கும்பிட்டுவிட்டேன். சம்லி சிரித்தாள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

சாப்பிட்டதும் கொட்டகைக்கு வந்தான். அட்டைகளை எடுத்துவிட்டு ஜாடியை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தான். “பொழைக்க வெச்சுட்டீங்க” என்றான். பிறகு, “அன்னிக்கு என்ன நடந்துச்சு? முழுசா சொல்லுங்கப்பா.”

சொன்னேன். பாவாடை என்று சிரித்தது, துண்டில் சுற்றிக் கொண்டுபோனது, கையைத் தட்டியது, எடுக்க வேண்டாம் என்றது. எதையும் விடவில்லை.

“ஜெயிச்சுதா?” என்றான்.

“ம்.”

“அந்த வாலோடயா?”

“அந்த வாலோடதான்.”

அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அது என் முகம். காப்பிக் கடைப் பின்கட்டில் எனக்கு இருந்த அதே முகம். நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்கும் தெரிந்தது. காதெல்லாம் சிவந்து, ஜாடியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அக்டோபர் 24, வியாழன்

மற்ற ஜாடிகளையெல்லாம் வரித் தன் அறைக்கு மாற்றிக்கொண்டான். ஃபாவை எடுக்கவில்லை. “இது உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றான். “எங்க வெக்க?” என்று கேட்டேன். “இங்கயே, மேசை மேல. வர்றவங்க போறவங்க பாக்கற மாதிரி.” தண்டனையா, கொடுப்பினையா? கேட்கவில்லை. மூன்று நாளாக அவன் அதிகம் பேசுவதில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

வரித்தின் மீன் கூட்டாளிகள் வந்திருந்தார்கள். டிசம்பருக்கு எந்த மீனைக் கொண்டுபோவது என்று பேச்சு. போகும்போது அதில் ஒரு பெண் என் மேசை அருகே நின்று குனிந்து பார்த்தாள்.

“நல்ல உடம்பு. வாலுக்கு என்ன ஆச்சு மாமா?”

வரித் வாசலில் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். தேடுவதை நிறுத்தினான், ஆனால் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

“நான்தாம்மா சண்டைக்கு விட்டேன்” என்றேன். “அவன் விகாரையில இருந்தப்ப.”

அந்தப் பெண் நிமிர்ந்தாள். “அப்படியா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். எல்லாரும் போனார்கள். எனக்குக் காது சூடாகி, ஸ்பேனர் எங்கே வைத்தேன் என்றுகூடத் தெரியவில்லை.

வரித் அவர்களைத் தெருமுனை வரை விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். கொட்டகை வாசலில் நின்று, “சாப்டீங்களாப்பா?” என்றான். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் என்னை இப்படிக் கேட்பது இதுதான் முதல் முறை.

இல்லை என்றேன். அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தேன். கை கழுவிவிட்டு அவனோடு போய் மறுபடியும் உட்கார்ந்தேன்.